முறைக்கு வந்த கடல்

"முழங்கால் வரைக்கும்தான்வே, அதுக்கு மேல இல்ல"ன்னான் இஞ்ஞாசி, நனைஞ்ச சாரத்தைப் பிழிஞ்சுக்கிட்டே. "அடுப்படி மட்டும் கொஞ்சம் பள்ளம், அங்க தொடை வரைக்கும் வரும். ரெஜீஸ் பொண்டாட்டி ஆட்டுக்கல்லு மேல ஏறி உக்காந்திருக்கா. ஒரு காப்பி கேட்டேன், அடுப்பு தண்ணிக்குள்ள இருக்குங்கா."

கேட்டது டீக்கடை சலேத்து. அவன் கையில இருந்த டீயை இஞ்ஞாசிகிட்ட குடுத்துட்டு, "கடல் தண்ணிதானா?"ன்னு இன்னொரு கேள்வி கேட்டான்.

"நக்கிப் பாத்தேன். உப்புதான்."

"மீன் கெடக்கா?"

"சாளை கெடக்கு. கட்டிலுக்கு அடியில ஒரு ஊளி சுத்துது, நல்ல வளத்தி. ரெஜீஸு கொசுவலையக் கழட்டிக்கிட்டு நிக்கான்."

சங்கணாந்துறையில கார்த்திகை பொறந்த திங்கக்கிழமை காலையில நடந்த பேச்சு இது. அதுக்கு முந்தி நடந்ததையும் சொல்லிடணும். ஐப்பசி முடிஞ்சு கார்த்திகை பொறக்குற அந்த நேரத்துல வாடைக்காத்து வடக்க இருந்து எறங்கும், மழைத்தண்ணி ஓடை வழியா வந்து கடலைச் செம்மண்ணாக் கலக்கும், தூரக்கடல்ல அலை நிமிந்து நிக்கும், அதனால விசைப்படகுக்காரன் எல்லாம் கயித்தைக் கட்டிட்டு சீட்டாடப் போயிருவான், ஆனா மீனுக்கும் அதே காத்து அதே கலங்கல்தானே, அதுவும் கரை ஓரமா ஒதுங்கும், ஒதுங்குன மீனைக் கரையில நின்னே வளைச்சு இழுக்குறதுக்குப் பேருதான் கரைவலை. வள்ளத்துல ஏறி நாலு பேரு வலையை அரைவட்டமா விட்டுட்டு வருவாங்க, ரெண்டு பக்கமும் கயித்தைப் புடிச்சு ஊரே இழுக்கும், கயித்துல கை வச்சவன் எல்லாருக்கும் பங்கு உண்டு. சங்கணாந்துறையில பன்னெண்டு வலை. மாதா கோயிலுக்கு நேர இருக்குற ஒரு துண்டுக் கடல்லதான் இழுக்க முடியும், மத்த எடமெல்லாம் பாறை. அந்தத் துண்டுக்கு முன்கடல்னு பேரு. பன்னெண்டு வலைக்கு ஒரு முன்கடல்னா அடிதடி வராம இருக்குமா, அதுக்குத்தான் முறை. ஐப்பசி மாசம் மொத ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் வலைக்காரங்க எல்லாம் ஆளுக்கொரு சிப்பியில அவங்க வீட்டு அடையாளத்தைக் கீறி மண்குடத்துல போடுவாங்க, கோயில்பிள்ளை கண்ணைக் கட்டிக்கிட்டு ஒண்ணொண்ணா எடுப்பாரு, எடுத்த வரிசைதான் அந்த வருசத்துக்கு முறை. ஒரு நாளைக்கு ஒரு வீடு. ஞாயித்துக்கிழமை யாருக்கும் கெடையாது.

அந்த முறையைக் கரும்பலகையில எழுதுறவன்தான் இஞ்ஞாசி. நாப்பத்தி நாலு வயசு, கல்யாணம் ஆகல, ஏன் ஆகலன்னு கேட்டா மழை வந்துருச்சுன்னு சொல்லுவான். ராப்பள்ளிக்கூடத்துல எழுதப் படிக்கக் கத்துக்கிட்டவன், அதனால எழுத்தை வீணாக்க மாட்டான். கோயில் சுவத்துல சாத்தி வச்ச போர்டுல தெனமும் விடியுறதுக்கு முன்னால கடலைப் பாத்துட்டு வந்து நாலே வரி எழுதுவான். காத்து என்ன, நீவாடு என்ன, நீவாடுன்னா தண்ணிக்கு அடியில ஓடுற ஓட்டம், தண்ணி தெளிவா கலங்கலா, முறை யாருக்கு. பதினேழு வருசத்துல அந்த போர்டு ஒரு நாளும் தப்புனதில்ல. சாமியார் பிரசங்கத்தை நம்பாதவன்கூட அந்த நாலு வரியை நம்புவான்.

அன்னைக்கு விடியக்காலமும் அவன் வழக்கம்போல எழுதுனான். காத்து வாடை. நீவாடு தெக்க. தண்ணி கலங்கல். முறை ரெஜீஸ். மூணாவது சுத்தோட மொத நாளு அது. எழுதி முடிச்சு சாக்பீசை மடியில செருகிட்டுத் திரும்புறான், முன்கடல் எந்திரிச்சு வருது.

அலையா வரல. அலையா வந்தா ஓடியிருப்பான், அதுக்கு ஊருல எல்லாருக்கும் பழக்கம் உண்டு. இது நடந்து வந்துச்சு. பூசைக்கு வந்த பொம்பளைங்க முந்தானையை ஒதுக்கிக்கிட்டு நடக்குற மாதிரி ஓரத்தை ஒதுக்கிக்கிட்டு, கோயில் படியைத் தொடாம, சலேத்து கடை பெஞ்சுக்கு ஒரு சாண் தள்ளி, நடுத்தெருவுல ஏறி, ரெண்டாவது சந்துல திரும்பி, பக்கத்து வீட்டுல காயப்போட்ட கருவாட்டுப் பாயில ஒரு சொட்டு படாம, ரெஜீஸு வீட்டு வாசல்படியில ஏறி உள்ள போயி நின்னுச்சு. பின்னால பாத்தா முன்கடல் இருந்த எடத்துல ஈர மணலும் நாலு நண்டும்தான் கெடக்கு. நண்டுங்க என்ன செய்யுறதுன்னு தெரியாம நின்னுச்சுங்க. இஞ்ஞாசிக்கும் தெரியலதான், ஆனா போர்டு எழுதுறவன் அதைக் காட்டிக்கக் கூடாது, அதனால உள்ள எறங்கி ஆழம் பாத்துட்டு வந்தான்.

வந்து போர்டுல ஒரு வரி திருத்துனான். நீவாடு தெக்கன்னு இருந்ததை அழிச்சுட்டு, நீவாடு அடுப்படியில இருந்து வாசலுக்கு, மெதுவுன்னு எழுதுனான். ஊர் வந்து படிச்சுச்சு. படிச்சதுக்கு அப்புறம்தான் ஊருக்கு அது நடந்ததாவே ஆச்சு.

அன்னைக்கு ரெஜீஸு கொசுவலையிலயும் பொண்டாட்டி சேலையிலயும் அரிச்ச மீனு பதினோரு கூடை. மத்தியானம் கோயில் மணி அடிச்சதும் கடல் வந்த வழியே திரும்பிப் போச்சு, தரையைத் தொடைச்சு விட்டாப்புல சுத்தமா விட்டுட்டுப் போச்சு. போன பெறகுதான் சண்டையே ஆரம்பிச்சுது. கயித்துல கை வச்சவனுக்குப் பங்குன்னு இருக்கே, கயிறே இல்லையே, இப்போ யாருக்குப் பங்கு? ஊர்த்தலைவர் தொபியாஸு கோயில் படியில உக்காந்து, தலையைச் சொறிஞ்சு, கடைசியில ஒரு தீர்ப்புச் சொன்னாரு. தண்ணியில கால் வச்சவனுக்குப் பங்கு.

மறுநாள் முறை வர்க்கீசு வீடு. விடியுறதுக்கு முன்னாலயே அவரு வீட்டுக் கூடத்துல அம்பத்தி ஆறு பேரு செருப்பைக் கையில வச்சுக்கிட்டு நின்னாங்க. வர்க்கீசு பொண்டாட்டி எல்லாருக்கும் கேக்குற மாதிரி, "இவ்வளவு பேரு எங்க கல்யாணத்துக்குக்கூட வரல"ன்னா.

மூணாவது நாள்ல இருந்து ஊரு பழகிருச்சு. முறைக்காரன் வீட்டுல முந்துன நாளே அரிசி மூட்டையைப் பரண்ல ஏத்துனாங்க, பீரோவுக்கு அடியில செங்கல் வச்சாங்க, மாதா படத்தை மட்டும் அங்கயே விட்டாங்க, கடல் அந்தப் படம் வரைக்கும் வந்து கும்புட்டுட்டு நிக்கும்னு ஒரு பேச்சு கெளம்பி அது உண்மையாவும் ஆச்சு. சல்லடைக்கும் கண்ணுகரண்டிக்கும் ஊருல தட்டுப்பாடு வந்துச்சு. சலேத்து அன்னைக்கன்னைக்கு முறை வீட்டு வாசலுக்கே கடையை மாத்துனான். யாரு வீட்டுக்கு எந்த மீனு வரும்னு ஒரு ஜாதகமே உண்டாச்சு, பேச்சுக்காரி இருக்குற வீட்டுக்கு நெத்திலி வரும், கஞ்சன் வீட்டுக்கு முள்ளு ஜாஸ்தி உள்ள மீனு வரும்னாங்க. தொபியாஸு வீட்டுக்கு நாலு கூடை குத்தா மீனும் ஒரே ஒரு பெரிய கெழுத்தியும் வந்துச்சு, அந்தக் கெழுத்தி அவரு சாய்வு நாற்காலிக்கு அடியில போயி ஒக்காந்துக்கிட்டு யாருக்கும் புடிபடல, தலைவருக்குத் தலைவர்னு எல்லாரும் சொன்னாங்க, அவருக்கும் அதுல கொஞ்சம் பெருமைதான்.

எடையில ஞாயித்துக்கிழமை கடல் வரல. பூசைக்கு லீவு.

மீன் கணக்கெடுக்க வர்ற ஒரு ஆபீசர் அந்த வாரம் வந்தாரு. நல்ல மனுசன், குடையோட வந்தவரு. கையில நெறப்ப வேண்டிய ஃபாரம். இஞ்ஞாசியைக் கூப்புட்டு ஒண்ணொண்ணாக் கேட்டாரு.

"எந்தப் படகு?"

"படகு இல்ல சார்."

"வலை?"

"கொசுவலை."

"பிடிபட்ட இடம்? கரையிலிருந்து எவ்வளவு தொலைவு?"

இஞ்ஞாசி திரும்பிப் பாத்து மனசுக்குள்ள அளந்தான். "கரையில இருந்து மேற்க நூத்தி எம்பது அடி. ரெண்டாவது சந்து. எடது பக்கம்."

"மேற்கே கடல் இல்லையே."

"காலையில இருந்துச்சு சார், நீங்க வந்தது மத்தியானம்."

அவரு பேனாவை மூடுனாரு, அப்புறம் தெறந்தாரு, இடம்ங்குற கட்டத்துல கரையோரம்னு எழுதிட்டு, பொய்யில்லையேங்குற மாதிரி இஞ்ஞாசியைப் பாத்தாரு. பொய்யில்லன்னான் இஞ்ஞாசி. போகும்போது அவருக்கு ரெண்டு பாறை மீனைத் தாள்ல சுத்திக் குடுத்தாங்க, அதுல ஒண்ணு வர்க்கீசு வீட்டுக் குளியலறையில புடிச்சதுன்னு யாரும் சொல்லல.

இப்படி எல்லா வீட்டுலயும் சந்தோசம், ஒரு வீட்டைத் தவிர. தெருக்கோடியில, சவுக்கு மரத்துக்குப் பக்கத்துல, கித்தேரி வீடு.

கித்தேரி இஞ்ஞாசியோட அண்ணன் கஸ்பார் பொண்டாட்டி. கஸ்பார் ஆடி மாசம் காய்ச்சல்ல செத்துப்போனான். கடல்ல நாப்பது வருசம் கெடந்தவன் கட்டில்ல செத்தான்னு அவளே சொல்லிச் சிரிச்சா, பெறகு அழுதா. அதுவரைக்கும் சங்கணாந்துறையில வலை பன்னெண்டு இல்ல, பதிமூணு. ஐப்பசியில குடத்துல சிப்பி போடுற அன்னைக்கு அவளும் தாமரைப்பூ கீறுன சிப்பியோட வந்தா, அதுதான் அந்த வீட்டு அடையாளம். தொபியாஸு அதை வாங்கிப் பாத்துட்டு, கயித்துல முதப்பிடி புடிக்க ஆம்பள இல்லாத வீட்டுக்கு முறை எதுக்கும்மான்னு கேட்டாரு. முதப்பிடின்னா இடுப்பளவு தண்ணியில எல்லாருக்கும் முன்னால நின்னு கயித்தைப் புடிக்கிற ஆளு, வலை எந்தப் பக்கம் சாயணும்னு அந்தக் கைதான் சொல்லும். எல்லாரும் இஞ்ஞாசியைப் பாத்தாங்க. நான் புடிக்கேன்னு அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சுது. கல்யாணம் ஆகாத கொழுந்தன், தாலி அறுத்த மைனி, ஊரு என்ன பேசும்னு அவனுக்குத் தெரியும், ஊரு பேசுறதைப் பதினேழு வருசமா போர்டுக்குப் பக்கத்துல நின்னு கேட்டவன் அவன். அதனால ஒண்ணும் சொல்லல. அப்போ அந்தப் பேரை அழிச்சுருன்னாரு தொபியாஸு, அழிச்சான். இந்தச் சிப்பியைக் கடல்ல போட்டுருன்னாரு, கொண்டு போயிப் போட்டான். சொன்ன வேலையை ஒழுங்காச் செய்யுறவன்னு அவனுக்குப் பேரு.

அன்னையில இருந்து கித்தேரி அவன்கூடப் பேசுறதில்ல. ஆனா பேசாமயும் இல்ல. அவகிட்ட கறுப்பின்னு ஒரு கோழி உண்டு. இஞ்ஞாசி அந்தப் பக்கம் போனா அவ கோழிகிட்டப் பேசுவா. "ஏ கறுப்பி, சாரம் கிழிஞ்சிருக்கு, தைக்கத் துப்பில்லாதவங்க சிலபேரு அலையுறாங்க பாரு." இல்லன்னா, "கறுப்பி, குழம்பு மீந்திருக்கு, வேணும்னா எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லு." அவன் எடுத்துக்கிட்டுப் போவான். சட்டியைக் கழுவித் திருப்பி வைக்கும்போது அவனும் கோழிக்குத்தான் நன்றி சொல்லுவான்.

அவ கருவாடு வித்துச் சமாளிச்சா. ஆனா வலை சும்மா கெடந்தா எலி தின்னும், கஸ்பார் வலை கொல்லையில நாலு மாசமாத் தொங்குது. முறை கெடைக்காதுன்னு ஆன பெறகு அவ கீழ்த்துறையில இருந்து ஒரு வலைக்காரரை வரச் சொல்லிட்டா. வர்ற வியாழக்கிழமை வந்து வலையை எடுத்துக்கிட்டுப் போயிருவாரு, அவளும் டவுன்ல இருக்குற அக்கா வீட்டுக்குப் போயிருவா. இதையும் அவ கோழிகிட்டச் சொன்னதுலதான் இஞ்ஞாசிக்குத் தெரியும். கோழியைக் கூட்டிட்டுப் போறதான்னு மட்டும் இன்னும் முடிவாகல.

பன்னெண்டு வீடும் முடிஞ்சுது. எடையில இன்னொரு ஞாயிறு போச்சு. அடுத்த திங்கக்கிழமை விடியக்காலம் இஞ்ஞாசி போர்டுல எழுதுனான். காத்து வாடை. நீவாடு ரெஜீஸு அடுப்படிக்கு. தண்ணி தெளிவு. முறை ரெஜீஸ். ரெஜீஸு வீட்டுல எம்பது பேரு காலை நீட்டிக்கிட்டு உக்காந்திருந்தாங்க. முன்கடல் எந்திரிச்சுது, ஓரத்தை ஒதுக்குச்சு, நடுத்தெருவுல ஏறுச்சு, ரெண்டாவது சந்து வந்துச்சு, நிக்கல, அதைத் தாண்டுச்சு, ரெஜீஸு வாசல்ல நின்னுக்கிட்டு "இந்தா, இங்க, இங்க"ன்னு மாட்டைக் கூப்புடுற மாதிரி கூப்புட்டான், அது திரும்பிப் பாக்கல, வர்க்கீசு வீட்டைத் தாண்டி, தொபியாஸு வீட்டைத் தாண்டி, நேரா தெருக்கோடிக்குப் போயி கித்தேரி வீட்டுக் கதவு முன்னால நின்னுச்சு.

கதவு சாத்தியிருந்துச்சு.

பதினேழு வருசத்துல மொதத் தடவையா போர்டு பொய்யாச்சு. யாரும் இஞ்ஞாசியை ஒண்ணும் சொல்லல, அதுலதான் அவனுக்குச் சோறு எறங்கல.

தொபியாஸு வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கிட்டுத் தண்ணிக்குள்ள நடந்து போயி கதவைத் தட்டுனாரு. "கித்தேரி, கதவைத் தொறம்மா, கடல் வந்து நிக்கு."

உள்ள இருந்து சத்தம் வந்துச்சு. "ஏ கறுப்பி, வாசல்ல நிக்கவங்ககிட்டச் சொல்லு, இது முறை இல்லாத வீடு. விலாசம் தப்பி வந்திருக்கும்."

"சும்மா தொறம்மா, வந்தது வந்துருச்சு, விருந்தாளின்னு நெனச்சுக்கோ."

"விருந்தாளிக்குச் சோறு போடலாம் கறுப்பி. ஆனா நாளைக்கு இவங்களே வந்து, ஆம்பள இல்லாத வீட்டுக்குள்ள யாரை விட்டன்னு கேப்பாங்க. வேண்டாம்."

தெருவே சிரிச்சுது. தொபியாஸுக்கு முகம் சின்னதாச்சு.

மத்தியானம் மணி அடிச்சுது. கடல் திரும்பிப் போகல. செவ்வாக்கிழமையும் அங்கேயே நின்னுச்சு. புதங்கிழமையும் நின்னுச்சு. உள்ள மீனு தெரியுது, வெங்கணை முதுகோட முதுகு ஒரசிக்கிட்டுத் தெரியுது, ஆனா முறை இல்லாதவன் கையை விட்டா தண்ணி கையை விட்டு ஒதுங்குது, சல்லடையை விட்டா சல்லடைக்குச் சுத்தி ஒரு வட்டம் காய்ஞ்சு போகுது. முன்கடல் இருந்த எடம் வெறும் மணலா நாலு நாள் கருவாட்டு வாடையோட கெடந்துச்சு, வாடைக்காத்து அந்த மணலை அள்ளி ஊருக்குள்ள எறைச்சுது, சோத்துல மணல், டீயில மணல், சலேத்து டீ நல்லாருக்குன்னு அன்னைக்குத்தான் ஒருத்தர் சொன்னாரு, சர்க்கரைன்னு நெனச்சிருக்காரு. ஊருல பன்னெண்டு அடுப்பும் அணைஞ்சுது. சாமியார் வந்து தண்ணி தெளிச்சாரு, தண்ணி மேல தண்ணி தெளிச்சா என்ன ஆகும்.

புதங்கிழமை பொழுது சாயுறப்போ இஞ்ஞாசி கொல்லைப்பக்கமாப் போனான். கித்தேரி வலையை எறக்கி மடிச்சுக்கிட்டு இருந்தா, காலையில ஆளு வருதே. அவன் வேலியில சாஞ்சு நின்னான். கறுப்பி ரெண்டு பேருக்கும் நடுவுல மேய்ஞ்சுது.

"கறுப்பி"ன்னான் அவன், "கதவைத் தொறந்தா என்னவாம்னு கேளு."

அவ நிமிரல. "கறுப்பி, தொறந்தா நாளைக்கு ஒரு நாளைக்கு மீன் வரும். முறை வருமான்னு கேளு."

காத்து வலையை அசைச்சுது.

"கறுப்பி"ன்னா அவ, குரல் மாறியிருந்துச்சு, "அன்னைக்கு அந்தச் சிப்பியை எங்க போட்டாகன்னு கேளு. குப்பையிலயா, கெணத்துலயா?"

"முன்கடல்ல"ன்னான் இஞ்ஞாசி. "இடுப்பளவு தண்ணியில நின்னு. அண்ணன் முதப்பிடி புடிக்கிற எடத்துல."

சொன்ன பெறகுதான் அவன் காதுல அது விழுந்துச்சு. அவளும் மடிச்ச கையை நிறுத்துனா. ரெண்டு பேரும் கோழியைப் பாத்தாங்க. கோழிக்கு ஒண்ணும் சொல்லத் தோணல.

வியாழக்கிழமை விடிஞ்சுது. இஞ்ஞாசி கடலைப் பாக்கப் போகல, கடல் தெருவுலதானே நிக்குது. போர்டை ஈரத்துணியால நல்லாத் தொடைச்சான், புது சாக்பீசை ஒடைச்சான், எழுதுனான். காத்து வாடை. நீவாடு கித்தேரி வாசலுக்கு, நாலு நாளா. தண்ணி தெளிவு. முறை கித்தேரி. பக்கத்துல ஒரு தாமரைப்பூவும் போட்டான், அது பூ மாதிரி வரல, சுறா வாயைத் தொறந்த மாதிரி வந்துச்சு, அழிக்கல.

ஊரு கூடுச்சு. தொபியாஸு கூட்டத்தை வெலக்கிக்கிட்டு வந்தாரு. "இஞ்ஞாசி, யாரைக் கேட்டு எழுதுன?"

"கடலைப் பாத்து எழுதுனேன் அண்ணாச்சி. அதுதானே என் வேலை."

"குடத்துல சிப்பி விழாத வீட்டுக்கு முறை கெடையாது. அது உங்க அப்பன் காலத்துச் சட்டம்."

"சிப்பி போட்டாச்சு அண்ணாச்சி."

"எங்க போட்ட?"

"போடச் சொன்னது நீங்க, போட்டது நான். குடம்தான் கொஞ்சம் பெருசு."

யாரோ ஒருத்தர் சிரிக்க ஆரம்பிச்சு இருமலா மாத்திக்கிட்டாங்க. வர்க்கீசு மெதுவா, "அதுதானே, பதிமூணாவது நாளு வந்து நிக்குது"ன்னாரு. தொபியாஸு தெருக்கோடியில நிக்குற கடலைப் பாத்தாரு, போர்டைப் பாத்தாரு, நாலு நாளா மணல் தின்ன வாயைத் தொடைச்சாரு.

"முதப்பிடிக்கு ஆம்பள வேணுமே"ன்னாரு, முன்ன மாதிரி சத்தமா இல்ல.

"அதை அவங்ககிட்டக் கேளுங்க"ன்னான் இஞ்ஞாசி.

கேக்க வேண்டிய தேவை வரல. தெருக்கோடியில சத்தம் கேட்டுச்சு. கித்தேரி கதவைத் தொறந்துட்டா. ஆனா கடலை உள்ள விடல. தோள்ல வலையோட ஒரு முனையைப் போட்டுக்கிட்டு வாசல்ல எறங்குனா, முழங்கால் தண்ணியில நின்னு கடலைப் பாத்து, "கண்ணுகரண்டியில அரிக்கிறதுக்கா எங்க வீட்டு ஆளு நாப்பது வருசம் வலை பின்னுனாரு, நட"ன்னா. நடந்தா. அவளுக்குப் பின்னால வலை நீண்டுச்சு, வலையை ஏந்திக்கிட்டு ரெஜீஸ் பொண்டாட்டி, வர்க்கீசு பொண்டாட்டி, அப்படியே சந்துக்கு ஒருத்தியா எட்டுப் பொம்பளைங்க, அவங்களுக்குப் பின்னால கடல். ஓரத்தை ஒதுக்கிக்கிட்டு, மீனைக் கூட்டிக்கிட்டு, ஒரு வாசலையும் நனைக்காம, மேய்ச்சல் முடிஞ்சு தொழுவத்துக்குப் போற மாடு மாதிரி அவ பின்னாலயே நடந்து, கோயிலைத் தாண்டி, போர்டைத் தாண்டி, தன்னோட எடத்துல போயிப் படுத்துச்சு. படுத்த ஒடனே பழைய மாதிரி அலை அடிச்சுது. மணல்ல கெடந்த நண்டுங்க நாலும் உள்ள போச்சு.

கீழ்த்துறை வலைக்காரரு அப்பத்தான் சைக்கிள்ல வந்து எறங்குனாரு. "நான் வலை எடுக்க வந்தேன்"ன்னாரு.

"எடுங்க"ன்னான் சலேத்து. "அந்தா இழுக்கப் போறாக. கை வச்சா பங்கு உண்டு."

ரெஜீஸும் மூணு பேரும் வள்ளத்துல ஏறி வலையை விட்டாங்க. கரையில ஒரு பக்கக் கயித்தை ஆம்பளைங்க புடிச்சாங்க. இன்னொரு பக்கம் கித்தேரி. சேலையை இழுத்துச் செருகிக்கிட்டு அவளே தண்ணிக்குள்ள எறங்கி, இடுப்பளவுக்குப் போயி, கஸ்பார் நின்ன எடத்துல நின்னு முதப்பிடியைப் புடிச்சா. அவளுக்குப் பின்னால கயிறு கரை வரைக்கும் நீளமா, ரெண்டாவது ஆளு இல்லாம தொங்குச்சு. பொம்பளைங்க கரையில இருந்து எறங்கத் தயங்கி நின்னாங்க. வாடை அடிச்சுது. வலை கனத்துச்சு, அவ ஒரு அடி முன்னால இழுபட்டா.

போர்டுக்குப் பக்கத்துல தொபியாஸு விடாம கேட்டுக்கிட்டு இருந்தாரு. "அது சரி, நாளைக்கு யாரு முறை? பன்னெண்டா பதிமூணா? எழுதிட்டுப் போ, நாளைக்குச் சண்டை வரும்."

இஞ்ஞாசி எழுதப் போனான். நாளைக்குன்னு எழுதி, கோடு போட்டு, பேருக்கு எடம் விட்டான்.

"இஞ்ஞாசி."

கோழி கெடையாது. கறுப்பி ஊருக்குள்ள எங்கயோ மேய்ஞ்சுக்கிட்டு இருந்துச்சு. இடுப்பளவு தண்ணியில நின்னு, திரும்பாமலே, ஊரு முழுக்கக் கேக்குற மாதிரி கித்தேரி கூப்புட்டா.

"இஞ்ஞாசி, கயிறு வழுக்குது. பின்னால வந்து நில்லும்."

"வாரேன் மைனி"ன்னு சொல்லி, சாக்பீசைத் தொபியாஸு கையில குடுத்துட்டு அவன் எறங்கிப் போனான்.